நாலு சென்ரிமீற்றர்

பட்டி என்றால் எங்களுக்கு மாடு.
நாற்பது எருமை, அறுபது எருமை,
முத்தையன்கட்டுக் குளக்கரைச் சேற்றில்
மூக்கு மட்டும் தெரியப் படுத்திருப்பவை.
கொழும்பிலிருந்து தொலைபேசியில் ஒருவர்
"பட்டி இல்லாமல் தயிர் எடுக்கமாட்டோம்" என்றபோது
வேலும்மயிலும் அண்ணை பயந்துபோனார்,
எருமையையும் சேர்த்துக் கேட்கிறார்களாக்கும் என்று.

அவர் கேட்டது கடதாசி.
தயிர்முட்டியின் இடுப்பைச் சுற்றி ஒட்ட
அச்சடித்த ஒரு வார்.
அகலம் நாலு சென்ரிமீற்றர்.
நீளத்தை முட்டிதான் சொல்லவேண்டும்.

முட்டி ஒவ்வொன்றும் ஒவ்வொன்று சொன்னது.
ஐம்பத்திரண்டு. ஐம்பத்துநாலரை.
ஒரு பக்கம் வீங்கிய ஒன்று ஐம்பத்தாறு.
நூலால் சுற்றி, நூலை அடிமட்டத்தில் வைத்து
சுபோதினி கொப்பியில் எழுதிக்கொண்டே போனாள்.
பெரியதின் அளவுக்கு அடிப்பது,
சின்னதில் நுனிமேல் நுனி ஏற்றி ஒட்டுவது
என்று தீர்மானம்.

வவுனியா, குருமன்காட்டில் அச்சகம்.
கஜீபன் கணினியிலிருந்து திரும்பாமலே கேட்டான்:
பேர்? நிறை? பதிவிலக்கம்? சீனி சேர்த்ததோ?
மூன்று மொழி, மூன்றும் வாசிக்கிற அளவில்.
முகவரி?
வீட்டிலக்கம் இல்லை என்றேன்.
வீதி?
வாய்க்கால் என்றேன்.
இரண்டாம் வாய்க்கால், இடதுகரை என்று அடித்தான்.

பிறகு ஒரு படம் போட்டான்.
வெள்ளையும் கறுப்புமாய், கழுத்தில் மணியோடு,
பின்னால் பனிமலை.
"தம்பி, இது பசு.
எங்கட வெயிலுக்கு இரண்டு நாள் தாங்காது."

கொழும்புக்காரருக்குப் படம் போதாது,
கதையும் வேணுமாம்.
அவரே எழுதி அனுப்பியிருந்தார்:
போரில் எல்லாம் இழந்த பெண்களின்
கைகளிலிருந்து உங்கள் மேசைக்கு.
அடுப்படியில் வாசித்துக் காட்டினேன்.
ஒருவரும் பேசவில்லை.
பாலை இறக்கி, அகப்பையைக் கழுவிக் கவிழ்த்து,
பிறகுதான் மரியபுஷ்பம் வாய் திறந்தாள்:
"உறை போட்டது நான். நல்லா உறைஞ்சிருக்கு.
அதை எழுதச் சொல்லு.
மற்றதை ஏன்
ஐந்நூற்றைம்பது ரூபாய்க்குள்ள சேர்க்கவேணும்?"

அந்த வரியை எடுத்ததும்
வாரில் ஒரு வெளி விழுந்தது.
அண்ணை பேனையை வாங்கி அதற்குள் கீறினார்:
ஒரு 'வ', அதன் வயிற்றில் ஒரு புள்ளி.
அவருடைய எருமைகளின் பின்தொடையில் இருக்கிற குறி.
ஓடி ஓடித் திரும்பி வந்த வருசம்
மூன்று காடு தள்ளி
யாருடையதென்று இல்லாமல் நின்ற மந்தைக்குள்
பதினொன்றை அவர் சாய்த்துவந்தது
அந்தப் புள்ளியைக் காட்டித்தான்.
கொழும்புக்கு அது விளங்காது என்றேன்.
"எருமைக்கு மட்டும் விளங்கினதோ?" என்றார்.

ஐயாயிரம் வந்தது.
இவ்வளவு பட்டி பரம்பரையில் ஒருவரிட்டயும் இருந்ததில்லை
என்று அண்ணை தடவிப் பார்த்தார்.
ஒட்டினால், சின்ன முட்டிகளில்
ஒரு நுனியில் சிங்களம், மறு நுனியில் தமிழ்,
எது மேலே வந்தாலும் மற்றது காணாமல் போகிறது.
பசை காயக் காய வாக்குவாதம்.
சுபோதினி ஒன்றும் சொல்லாமல்
சின்ன முட்டிகளைப் பொறுக்கி ஒதுக்கினாள்.
அவை ஊர்க் கடைக்கு, வார் இல்லாமல்.
இரண்டும் தெரிகிற இடுப்புள்ளவை மட்டும் லொறிக்கு.
அவளுடைய பொடியன் கிழிந்த ஒன்றைத்
தலையில் சுற்றிக்கொண்டு முற்றமெல்லாம் அரசாண்டான்,
நெற்றியில் 'குளிரில் வைக்கவும்'.

திகதி முத்திரையை உருட்டுவது என் வேலை.
இன்றைக்கு ஒன்று.
ஆறு நாள் கூட்டி இன்னொன்று.
இரவு ஏழு மணிக்கு லொறி வரும் முன்
இருநூறு தரம் குத்தவேண்டும், மை பரவாமல்.

வாங்குகிறவர் முதலில் செய்வது
அதைக் கிழிப்பதுதான். தெரியும்.
கிழியும்போது அந்தப் புள்ளி
எந்தப் பக்கத்தோடு போகிறதென்று
ஒருநாள் கொழும்பில் நின்று பார்க்கவேண்டும்.